லப்டொப்புக்குள் ஒரு தனி அறை: ராஸ்பெரி பைக்கு வெளியிலிருந்து கொம்பைல் செய்வது

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். விஷயம் இதுதான்: வயல் வட்டைக்குள் வாய்க்கால் தண்ணீர் மட்டத்தை அளந்து அனுப்ப சி ப்ளஸ் ப்ளஸ்ஸில் ஒரு புரோகிராம் எழுதியிருக்கிறார். கையில் இரண்டு சின்னக் கம்ப்யூட்டர் போர்ட், ஒன்று ராஸ்பெரி பை ஸீரோ டபிள்யூ, மற்றது பை 3. போர்டிலேயே கொம்பைல் செய்யப் போனால், அதாவது கோடை ஓடுகிற புரோகிராமாகக் கட்டப் போனால், ஸீரோ அரை நாள் ஓடிவிட்டு 'கில்ட்' என்று ஒரே சொல்லோடு நின்றுவிடுகிறது. சரி என்று உபுந்து 24.04 போட்ட லப்டொப்பில் கிராஸ் கொம்பைலரை (வேறு வகைப் புரொசசருக்குக் கட்டித் தருவது) இறக்கி, போர்டின் புரொசசர் வகையான ஆர்முக்குரிய லைப்ரரிகளையும் அதிலேயே போடப் பார்த்தால் பக்கேஜ்களை இறக்கித் தருகிற ஆப்ட் 404, 404 (கிடைக்கவில்லை) என்று கத்துகிறது. அதையும் தாண்டி எப்படியோ கட்டி எடுத்துப் போனால் ஸீரோ 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்' என்கிறது, பை 3 'ஜிலிப்சி 2.38 இல்லை' என்கிறது (ஜிலிப்சி என்பது லினக்ஸ் புரோகிராம்கள் சாய்ந்து நிற்கிற அடிப்படை சி லைப்ரரி). "அண்ணன், லப்டொப்பைக் குழப்பாமல் இதை ஒழுங்காகச் செய்ய என்ன வழி? பெரும்போகம் தொடங்க முதல் போர்டைக் கொண்டு போய் வைக்க வேணும்" என்கிறார்.

தம்பி, இது மூன்று வருத்தம் மாதிரித் தெரிந்தாலும் வேர் ஒன்றுதான். உங்கள் கொம்பைலர் போர்டைப் பார்க்கவே இல்லை, அது பார்த்ததெல்லாம் உங்கள் லப்டொப்பை. தையல்காரரிடம் வெளிநாட்டில் இருக்கிற ஆளுக்குச் சட்டை தைக்கச் சொன்னால் அவர் அளவுச் சட்டை ஒன்று கேட்பார் அல்லவா, அது இல்லாவிட்டால் முன்னால் நிற்கிற உங்களையே அளந்து தைத்துவிடுவார். நீங்கள் அளவுச் சட்டை கொடுக்கவில்லை. அதைக் கொடுக்கிற இடம்தான் இந்தத் தனி அறை, அதாவது லப்டொப்பில் ஒரு ஃபோல்டருக்குள் போட்டு வைக்கிற இன்னொரு லினக்ஸ். லப்டொப் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக மட்டும் அறை கட்டச் சொல்லவில்லை, லப்டொப்பின் லைப்ரரியும் ஹெடரும் (லைப்ரரியில் என்னென்ன இருக்கிறது என்று சொல்கிற ஃபைல்) கொம்பைலரின் கண்ணில் படாமல் மறைக்கிறதுதான் அதன் உண்மையான வேலை.

ஃபோனில் இருந்து எழுதுகிறேன், கட்டளைகளை உச்சரிப்பில்தான் எழுதியிருக்கிறேன், டெர்மினலில் நீங்கள் ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

எதையும் இறக்குவதற்கு முதல் போர்டுக்குள் போய் மூன்று விஷயம் கேட்டு வாருங்கள். பக்கேஜ்களை நிர்வகிக்கிற டிபிகேஜியிடம் ப்ரிண்ட் ஆர்க்கிடெக்சர் என்று கேட்டால் போர்டின் எஸ்டி கார்டில் இருக்கிற லினக்ஸ் எந்த வகை என்று சொல்லும். எல்டிடி வெர்ஷன் என்று கேட்டால் ஜிலிப்சி எண் வரும். ஓஎஸ் ரிலீஸ் ஃபைலைத் திறந்தால் போர்டின் ஓஎஸ்ஸுக்கு அடிப்படையான டெபியன் லினக்ஸின் எந்த வெளியீடு என்று இருக்கும். யூநேம் கட்டளை சொல்வதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். நாளைக்கு ஒரு பை 4 வாங்கினீர்கள் என்றால் அதில் 32 பிட் ஓஎஸ் போட்டிருந்தாலும் அதன் மையமான கேர்னல் 64 பிட்டாக ஓடக்கூடும், யூநேம் 'ஏஆர்ச்64', அதாவது 64 பிட் ஆர்ம், என்று சொல்லும், நீங்களும் 64 பிட்டுக்குக் கட்டிக்கொண்டு போவீர்கள், அது 'அப்படி ஒரு ஃபைலே இல்லை' என்று சொல்லும், கண் முன்னால் ஃபைல் இருக்கும். நான் இதில் ஒரு பின்னேரம் முழுக்கத் தொலைத்திருக்கிறேன்.

இப்போது பை 3 சொல்கிற பிழையைக் கிட்டப் போய்ப் பார்ப்போம், ஏனென்றால் இது விளங்கினால் மிச்சம் தானாக விளங்கும். ஜிலிப்சி பழைய புரோகிராம்களைப் பார்த்துக்கொள்ளும், அதாவது பழையதில் கட்டியது புதியதில் ஓடும். மறுபக்கம் நடக்காது. உபுந்து 24.04இல் ஜிலிப்சி 2.39. உங்கள் பை 3இல் இருப்பது புல்ஸ்ஐ (டெபியன் 11) என்று எழுதியிருந்தீர்கள், அதில் 2.31. சரி, நீங்கள் என்ன பெரிய புது வசதியைப் பாவித்துவிட்டீர்கள் 2.38 கேட்பதற்கு? ஒன்றுமில்லை. சென்சரில் இருந்து வந்த எழுத்தை எண்ணாக மாற்ற 'ஸ்ட்ர்டோல்' என்று ஓர் அழைப்பு வைத்திருப்பீர்கள், அவ்வளவுதான். 2.38 வந்தபோது ஹெடர் ஃபைலில் ஒரு மாற்றம் செய்தார்கள், ஜி ப்ளஸ் ப்ளஸ் கொம்பைலரில் கட்டினால் அந்த அழைப்பு தானாகவே புது சி தரத்துக்கான வேறொரு பெயருக்குத் திருப்பிவிடப்படும், அந்தப் பெயர் 2.38க்கு முந்திய ஜிலிப்சியில் கிடையாது. உங்கள் கோடில் ஒரு எழுத்துக் கூட மாறவில்லை, ஹெடர்தான் மாறியது. கட்டிய ஃபைலுக்குள் இருப்பதைக் காட்டுகிற ஒப்ஜ்டம்ப்பைப் பெரிய டி ஓப்ஷனோடு ஓடவிட்டு 2.38 என்று தேடினால் அந்தப் பெயர் இரண்டு கீழ்க்கோட்டோடு வந்து நிற்கும், பாருங்கள். இதைச் சரிப்படுத்த கோடைத் திருத்துவது வீண் வேலை. இன்னொன்று, ஜிலிப்சி 2.34இல் புரோகிராம் தொடங்குகிற இடத்திலேயே மாற்றம் வந்ததால், அதற்குப் பிந்திய எந்தச் சிஸ்டத்தில் கட்டினாலும் வெறும் 'ஹலோ வேர்ல்ட்' கூட 2.34 கேட்கும். புல்ஸ்ஐ போர்டுக்கு உபுந்து 24.04இல் நேரடியாகக் கட்டுகிற எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

ஸீரோவின் பிழை வேறு சாதி. ஸீரோ டபிள்யூவில் இருப்பது பிசிஎம்2835 என்ற சிப், அதில் ஆர்ம்1176 என்ற பழைய கோர், ஆர்ம்வி6 வகை. டெபியனும் உபுந்துவும் 'ஆர்ம்எச்எஃப்' என்று சொல்வது ஆர்ம்வி7இலிருந்து மேலே. ராஸ்பெரி பைக்காக ராஸ்பியன்காரர்கள் அதே 'ஆர்ம்எச்எஃப்' என்ற பெயரிலேயே ஆர்ம்வி6க்கு எல்லாவற்றையும் திரும்பக் கட்டினார்கள். ஒரே பெயரில் ஒரே ஒழுங்கைக்குள் இரண்டு பேர் இருந்தால் கடிதம் மாறிப் போவது மாதிரித்தான், குழப்பம் முழுவதும் இங்கேயிருந்து வருகிறது. "நான் கொம்பைலரின் மார்ச் (புரொசசர் வகை) ஓப்ஷனில் ஆர்ம்வி6 கொடுத்தேனே" என்பீர்கள். கொடுத்தாலும் உங்கள் கோட் மட்டும்தான் வி6 ஆகும், மெயினுக்கு முதல் ஓடுகிற ஸ்டார்ட்அப் துண்டுகளும் கொம்பைலரோடு வருகிற லிப்ஜிசிசி என்ற உதவி லைப்ரரியும் உபுந்து பக்கேஜில் ஏற்கெனவே வி7க்குக் கட்டியவை, அவை அப்படியே வந்து ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் ஒரு வரி கூட அச்சிடாமல் விழுகிறது. புரோகிராம் ஃபைலின் விவரத்தைக் காட்டுகிற ரீட்எல்ஃப்புக்குப் பெரிய ஏ ஓப்ஷன் கொடுத்தால் 'சிபியு ஆர்ச்' என்ற வரி வரும். அதில் வி7 என்று இருந்தால் ஸீரோவுக்குக் கொண்டு போய்ப் பிரயோசனமில்லை. பை 3இல் வி7க்குப் பிந்திய கோர்டெக்ஸ் ஏ53 கோர் இருப்பதால் அதற்கு இந்தக் கவலை கிடையாது.

ஆக, இரண்டு போர்டுக்கு இரண்டு அறை. ஒரே அறையில் இரண்டையும் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம், இடத்துக்குப் பஞ்சமில்லை, ஓர் அறை சில ஜிபி.

முதலில் பை 3க்கான அறை, இது லேசானது. லப்டொப்பில் டெபூட்ஸ்ட்ராப் (டெபியனை ஒரு ஃபோல்டருக்குள் இறக்குவது), சிஸ்டம்டி கண்டெய்னர் (அந்த ஃபோல்டருக்குள் தனிச் சிஸ்டமாக நுழைய உதவுகிற என்ஸ்போன் இதில்தான் வரும்), டெபியன் ஆர்கைவ் கீரிங் மூன்றையும் போடுங்கள். கீரிங்கை மறந்தால் உபுந்துவால் டெபியனின் கையெழுத்தைச் சரிபார்க்க முடியாது. பிறகு டெபூட்ஸ்ட்ராப்பால் புல்ஸ்ஐயை ஏஎம்டி64 வகையாக ஒரு ஃபோல்டருக்குள் இறக்குங்கள். கவனியுங்கள், அறை ஆர்ம் அல்ல, உங்கள் லப்டொப் வகைதான், அப்போதுதான் கொம்பைலர் முழு வேகத்தில் ஓடும். வெளியீடு மட்டும் போர்டோடு பொருந்த வேண்டும். சிஸ்டம்டி என்ஸ்போனால் உள்ளே போய் டிபிகேஜிக்கு ஆர்ம்எச்எஃப்பையும் சேர்த்துக்கொள் என்று சொல்லி, ஆப்ட் அப்டேட் செய்து, கிராஸ்பில்ட் எசென்ஷியல் ஆர்ம்எச்எஃப் என்ற பக்கேஜைப் போடுங்கள். உங்களுக்கு வேண்டிய மொஸ்கிட்டோ (செய்தி அனுப்ப), எஸ்கியூலைட் (தரவு சேமிக்க) டெவ் பக்கேஜ்களின் பெயருக்குப் பின்னால் முக்காற்புள்ளி போட்டு ஆர்ம்எச்எஃப் என்று எழுதி இறக்கினால் ஆர்ம் வடிவம் வரும். இங்கே 404 வராது. உபுந்துவில் ஏன் வந்தது என்றால், அவர்கள் ஆர்ம் பக்கேஜ்களைப் போர்ட்ஸ் என்ற வேறு சேர்வரில் வைத்திருக்கிறார்கள், வழமையான சேர்வரில் தேடினால் கிடைக்காது. டெபியனில் எல்லா வகையும் ஒரே இடம். உபுந்துவின் சோர்ஸ் ஃபைலைத் திருத்தியும் சரிசெய்யலாம்தான், ஆனால் நாளாந்தம் பாவிக்கிற லப்டொப்பின் ஆப்ட்டில் நான் கை வைக்கமாட்டேன், நீங்களும் வைக்க வேண்டாம். இப்போது அங்கே சேர்த்து வைத்திருக்கிற ஆர்ம்எச்எஃப்பை முதலில் கழற்றிவிடுங்கள்.

தனி அறை கட்டுகிற இன்னொரு கருவியான டொக்கர் பாவிக்கலாமா என்று கேட்பீர்கள். பாவிக்கலாம், இதே அறையை அதிலும் கட்டலாம், பழக்கம் இருந்தால் அதுவே போங்கள். எனக்கு என்ஸ்போன் பிடிப்பதற்குக் காரணம், அறை வெறும் ஃபோல்டராக இருக்கிறது, கோப்பை வெளியிலிருந்து எட்டிப் பார்க்கலாம், ஒரு டார் ஃபைலாகச் சுருட்டி பென்டிரைவில் போட்டு ஒலுவிலில் படிக்கிற கூட்டாளிக்குக் கொடுத்தால் அவர் டேட்டா ஒரு எம்பி கூடச் செலவழிக்காமல் அடுத்த நிமிடம் வேலை தொடங்கலாம். மாதக் கடைசியில் டேட்டா முடிந்து கிடக்கிறவனுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

சோர்ஸ் ஃபோல்டரை அறைக்குள் காட்டுவதற்கு என்ஸ்போனின் பைண்ட் ஓப்ஷனை மட்டும் பாவியுங்கள். இதில் நான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் என்ஸ்போன் இல்லாமல் வெறும் சிஹெச்ரூட்டில்தான் (ஒரு ஃபோல்டரையே முழுச் சிஸ்டமாகக் காட்டுகிற கட்டளை) செய்துகொண்டிருந்தேன், கோட் ஃபோல்டரை மவுண்ட் பைண்டால் உள்ளே கட்டி வைத்திருந்தேன். ஒரு மாரி இரவு, கல்லடியில் கரண்ட் போய்ப் போய் வந்துகொண்டிருக்கிறது, பற்றரி இறங்குகிறது, அவசரத்தில் பழைய அறையை அழிக்கிறேன் என்று எதையும் கேட்காமல் அழிக்கிற ஆர்எம் ஆர்எஃப் கட்டளையைத் தட்டிவிட்டேன். அறைக்குள் கட்டியிருந்த ஃபோல்டர் வழியாக அது வெளியே வந்து என் கோடைத் தின்றுவிட்டது. இரண்டு கிழமை வேலை, கிட்டில் (கோடின் பதிப்புகளைச் சேமிக்கிற கருவி) ஏற்றாதது. ஒன் ஃபைல் சிஸ்டம் என்ற ஓப்ஷன் கொடுத்தால் காப்பாற்றும் என்று சொல்வார்கள், பைண்ட் செய்தது அதே பார்ட்டிஷனில் இருந்தால் அதுவும் காப்பாற்றாது, ஆர்எம்மின் கண்ணுக்கு இரண்டும் ஒரே டிஸ்க்தான். என்ஸ்போன் கட்டுகிறது அதன் சொந்த உலகத்துக்குள் மட்டும், வெளியே வந்தவுடன் கட்டு அவிழ்ந்துவிடும், வெளியிலிருந்து அழிக்கிற ஆர்எம்முக்கு அது தெரியவே தெரியாது.

அடுத்தது சிமேக், புரோகிராம் கட்டுகிற வேலையை ஒழுங்குபடுத்துகிற கருவி. கிராஸ் கொம்பைலுக்கு ஒரு டூல்செயின் ஃபைல் எழுத வேண்டும், அதில் சிஸ்டம் நேம் லினக்ஸ், புரொசசர் ஆர்ம், சி மற்றும் சி ப்ளஸ் ப்ளஸ் கொம்பைலர்களின் முழுப் பெயர், இவ்வளவு இந்த அறைக்குக் காணும். டூல்செயின் ஃபைலை மாற்றினால் பில்ட் ஃபோல்டரை அழித்துவிட்டுத் தொடங்குங்கள், கொம்பைலர் எது என்பதை சிமேக் முதல் தடவையே கேஷில் எழுதிப் பூட்டிக்கொள்ளும், பிறகு நீங்கள் மாற்றியது அதன் காதில் விழாது. இதைவிடக் கள்ளத்தனமானது பிகேஜி கொன்ஃபிக், லைப்ரரி எங்கே இருக்கிறது என்று சொல்கிற கருவி. அதைச் சும்மா கேட்டால் ஏஎம்டி64 லைப்ரரியின் பாதையைத்தான் தரும். கனபேர் பிகேஜி கொன்ஃபிக் பாத் என்ற மாறியை ஆர்ம் ஃபோல்டருக்குத் திருப்பிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அது கூடுதலாக ஓர் இடத்தைச் சேர்ப்பது மட்டும்தான், அங்கே கிடைக்காவிட்டால் மறுபடி பழைய இடத்துக்கே போய்த் தேடும். திருப்ப வேண்டியது பிகேஜி கொன்ஃபிக் லிப்டிர். அதுதான் தேடுகிற இடத்தையே மாற்றும், அங்கே இல்லையென்றால் இல்லை என்று சொல்லும். இல்லை என்று நேரே சொல்கிற பிழை நல்ல பிழை. சிமேக்குக்குப் பதிலாக ஓட்டோகொன்ஃப் என்ற கருவியைப் பாவிக்கிற பழைய லைப்ரரி ஏதாவது வந்தால், அதில் ஹோஸ்ட் என்பது நீங்கள் கட்டுகிற லப்டொப் அல்ல, புரோகிராம் ஓடப்போகிற போர்ட். அந்தச் சொல்லை வைத்தவர் யாரோ தெரியாது.

இனி ஸீரோவின் அறை. மேலே சொன்ன வழி இதற்குச் சரிவராது, டெபியனின் கிராஸ் கொம்பைலர் வி7 என்று பார்த்தோமே. உங்கள் புரோகிராம் சின்னது, அதனால் நான் சொல்வது சோம்பேறி வழி: ஸீரோவின் கார்டில் இருக்கிற ரூட் பார்ட்டிஷன் முழுவதையும் லப்டொப்பில் ஒரு ஃபோல்டருக்கு ரூட்டாக இருந்து ஆர்சிங்க்கால் கொப்பி எடுங்கள், நியூமெரிக் ஐடிஸ் ஓப்ஷன் முக்கியம், இல்லாவிட்டால் ஃபைல்களின் உரிமையாளர்கள் மாறிப் போவார்கள். லப்டொப்பில் கியூஎமு யூசர் ஸ்டாட்டிக்கும் (ஆர்ம் புரோகிராமை லப்டொப்பில் ஓட்டிக்காட்டுவது) பின்எஃப்எம்டி சப்போர்ட்டும் போட்டால், ஆர்ம் புரோகிராமைத் தட்டியவுடன் கேர்னல் அதைக் கியூஎமுவிடம் கொடுத்துவிடும். இப்போது அந்த ஃபோல்டருக்குள் என்ஸ்போனால் போனால் நீங்கள் ஸீரோவுக்குள்ளேயே இருக்கிறீர்கள், ஆனால் லப்டொப்பின் ரேமோடு. அங்கே சாதாரணமாக ஆப்ட்டால் கொம்பைலரைப் போட்டுக் கட்டுங்கள், கிராஸ் என்ற பேச்சே இல்லை. ஜிலிப்சியும் லைப்ரரியும் கார்டில் இருந்து வந்தவை, அளவு பிசகச் சந்தர்ப்பமே இல்லை.

உள்ளே போனவுடன் ஒவ்வொரு கட்டளைக்கும் 'லிப்ஆர்ம்மெம் ப்ரீலோட் செய்ய முடியவில்லை' என்று ஒரு வரி எரிச்சல் மூட்டும். ஈடிசி ஃபோல்டரில் எல்டி எஸ்ஓ ப்ரீலோட் என்ற ஃபைலில் இருக்கிற ஒற்றை வரிக்கு முன்னால் ஹாஷ் போட்டுவிடுங்கள், நின்றுவிடும். இது அறையில் மட்டும், கார்டில் அல்ல. இன்னொன்று, கியூஎமு சிபியு என்ற மாறியை ஆர்ம்1176 என்று வைத்துக்கொள்ளுங்கள். வைக்காவிட்டால் கியூஎமு தாராள மனதோடு புதிய கட்டளைகளையும் ஓட்டிக்காட்டும், லப்டொப்பில் ஓடியது ஸீரோவில் விழும். வைத்தால் இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன் உங்கள் மேசையிலேயே வரும், வட்டைக்குள் போய் நின்றுகொண்டு பார்க்கத் தேவையில்லை.

கியூஎமு மெதுவானது, உண்மை. ஆனால் எதோடு ஒப்பிடுகிறோம்? ஸீரோ டபிள்யூவில் இருப்பது ஒரே ஒரு கோர், 1 ஜிகாஹேர்ட்ஸ், 512 எம்பி ரேம். உங்களுக்கு 'கில்ட்' வந்தது ரேம் முடிந்து கேர்னல் கொம்பைலரைக் கொன்றதால்தான். ஸ்வாப்பை, அதாவது ரேமுக்குப் பதிலாகக் கார்டில் ஒதுக்குகிற இடத்தை, கூட்டினால் ஒருவேளை முடியும், ஆனால் எஸ்டி கார்டை அரைத்து முடிப்பீர்கள், நடுவில் கரண்ட் போனால் கார்டே ஃபைல் சிஸ்டம் குழம்பிக் கிடக்கும். நான்கு கோர், 8 ஜிபி லப்டொப்பில் கியூஎமுவின் நொண்டி ஓட்டமும் அதை முந்திவிடும்.

புரோகிராம் பெருத்து, ஓப்பன் சிவி மாதிரிப் பெரிய பட லைப்ரரி ஒன்றைக் கட்ட வேண்டி வந்தால் மட்டும் கிராஸ்டூல் என்ஜி பக்கம் போங்கள். அது உங்களுக்கென்றே ஆர்ம்வி6க்கான கொம்பைலரை மூலத்திலிருந்து கட்டித் தரும். அதில் தெரிவு செய்ய வேண்டியவை: சிபியு ஆர்ம்1176ஜேஇசட்எஃப் எஸ், எஃப்பியு விஎஃப்பி, ஃப்ளோட் ஹார்ட், ஜிலிப்சி போர்டில் இருப்பதற்குச் சமமாக அல்லது அதற்குக் கீழே. அதை ரூட்டாக ஓட்டினால் மறுக்கும், அறைக்குள் ஒரு சாதாரண யூசரை உருவாக்கிக்கொள்ளுங்கள். பிறகு கார்டின் கொப்பியை சிஸ்ரூட்டாக (கொம்பைலர் லைப்ரரியும் ஹெடரும் தேடுகிற ரூட் ஃபோல்டர்) கொடுக்கும்போது இரண்டு இடத்தில் இடறும். ஒன்று, 'சிஆர்டி1 இல்லை' என்று, கட்டிய துண்டுகளை ஒட்டுகிற லிங்கர் சொல்லும், காரணம் டெபியன் குடும்பம் லைப்ரரிகளை லிப் ஃபோல்டருக்குள் வகைப் பெயரிட்ட உள் ஃபோல்டரில் வைக்கிறது, மற்றக் கொம்பைலர்களுக்கு அந்தப் பழக்கம் தெரியாது. பெரிய பி ஓப்ஷனால் அந்த ஃபோல்டரைக் காட்டுங்கள், பெரிய எல்லும் ஆர்பாத் லிங்க்கும் சேர்த்து. மற்றது சிம்லிங்க், அதாவது வேறொரு ஃபைலைச் சுட்டிக்காட்டுகிற லிங்க். போர்டில் ஸ்லாஷில் தொடங்குகிற முழுப் பாதை லிங்க் லப்டொப்புக்கு வந்தவுடன் லப்டொப்பின் சொந்த லிப் ஃபோல்டரைக் காட்டும், அவ்வளவு கட்டிய அறைக்கும் பின்கதவு திறந்த மாதிரி. கொப்பி எடுக்க முதல் போர்டிலேயே சிம்லிங்க்ஸ் என்ற கருவியை ஆர், சி ஓப்ஷன்களோடு லிப் ஃபோல்டர்களில் ஓட்டினால் எல்லாம் சார்புப் பாதையாக மாறிவிடும்.

என்னைக் கேட்டால், அந்தக் கட்டம் வரும்போது கொம்பைலரோடு மல்லுக்கட்டாமல் ஒரு ஸீரோ 2 டபிள்யூ வாங்கிவிடுங்கள். அதே அளவு போர்ட், அதே 512 எம்பிதான், ஆனால் நான்கு கோர்டெக்ஸ் ஏ53, 64 பிட். பை 3க்குச் சொன்ன அறையையே ஆர்ம்64க்குக் கட்டினால் முடிந்தது.

போர்டுக்கு அனுப்ப முதல் ஒவ்வொரு முறையும் இரண்டே சோதனை. ரீட்எல்ஃப்பில் சிபியு வரி, ஒப்ஜ்டம்ப்பில் ஆகக் கூடிய ஜிலிப்சி எண். இரண்டையும் ஒரு சின்ன ஸ்கிரிப்டில் போட்டு, பொருந்தாவிட்டால் எஸ்சிபியால் போர்டுக்கு அனுப்பாதே என்று வைத்துவிடுங்கள். புரோகிராம் போர்டில் விழுந்தால் அங்கே பிழை தேடுகிற ஜிடிபியைப் போட்டு ரேமை நிரப்ப வேண்டாம், ஜிடிபி சேர்வர் மட்டும் அங்கே, ஜிடிபி மல்டிஆர்ச் லப்டொப்பில், செட் சிஸ்ரூட் என்று அறையைக் காட்டினால் வரி எண்ணோடு சொல்லும். அதற்காக டீபக் தகவல் உள்ள ஃபைலை அறையில் வைத்துக்கொண்டு அந்தத் தகவலை நீக்கி ஸ்ட்ரிப் செய்ததை மட்டும் போர்டுக்கு அனுப்புங்கள்.

முதலில் பை 3 அறையைக் கட்டிப் பாருங்கள், அது ஒரு பின்னேர வேலை. அதில் 2.38 இன்னும் வருகிறது என்றால் பழைய பில்ட் ஃபோல்டரோடுதான் கட்டியிருக்கிறீர்கள்.